திற, இழு, சுழற்று: அசையும் பாகங்களோடு ஒரு தமிழ்ப் படப்புத்தகம் செய்யும் முறை

மூடியைத் தூக்கினால் பூனை. அடுத்த பக்கத்து மூடியைத் தூக்கினால் நாய். அதற்கடுத்ததில் மாடு. இப்படி ஒரு புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுத்தால், இரண்டாம் முறை வாசிக்கும்போதே மூடிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்கும். மூன்றாம் முறை மூடியைப் பிய்த்துப் பார்க்கும். குறும்பு என்று திட்ட வேண்டாம். அந்தப் பக்கத்தில் செய்வதற்கு மிச்சமிருந்த ஒரே வேலை அதுதான்.

எனவே கத்தியும் தாளும் எடுப்பதற்கு முன்பு ஒரு சோதனை. மூடியை எடுத்துவிட்டு, அடியிலுள்ள படத்தை வெறுமனே பக்கத்தில் வரைந்து பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அந்த மூடி தேவையில்லை. மூடுவதும் இழுப்பதும் சுழற்றுவதும் நிஜத்தில் நடக்கும் ஒன்றைப் பிள்ளையின் விரலால் நடத்திக் காட்டவேண்டும். அப்படிப்பட்ட விஷயம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

எதைப் பற்றிச் செய்யலாம்?

சிங்கப்பூரில் இதற்குத் தொலைவு போகவேண்டியதில்லை. அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே இறங்கினால் போதும். புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம் ஒரு விரிப்பு. இந்த வழிகாட்டியில் வரும் ஆறு விரிப்புகளில் மூன்று இப்படி அருகில் கிடைப்பவை.

முதலாவது, விடிவதற்கு முன்பே கூவி உறக்கத்தைக் கெடுக்கும் குயில். அது கூடு கட்டாது. காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காகம் அடைகாத்துக் குயில் குஞ்சுக்கும் இரை ஊட்டும். ஏதோ ஒன்று மறைந்திருக்கிறது என்பதே இங்கே கதை. எனவே கூடுதான் மூடி.

இரண்டாவது, சாலையோரமெல்லாம் குடைபிடித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரம். மாலையில் இலைகள் மடியும். வானம் இருண்டு மழை வரும்போதும் மடிவதுண்டு. மலாய்க்காரர்கள் இதை ‘புக்குல் லீமா’ என்பார்கள், அதாவது ஐந்து மணி. இரண்டு மொழியிலும் பெயருக்குள்ளேயே விடை ஒளிந்திருப்பதைப் பிள்ளையிடம் சொல்லாமல் விட்டுவைப்பது நல்லது. விரிந்த இலை மடிந்த இலையாக மாற வேண்டும். இதற்கு இழுக்கும் பட்டை.

மூன்றாவது இருவாய்ச்சிப் பறவை. புலாவ் உபின் தீவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறலை மட்டும் விட்டுவைக்கும். ஆண் பறவை வெளியிலிருந்து பழம் ஊட்டும். அந்தக் கீறலைத் தாளில் வெட்டிவிட்டால் பிள்ளையே ஆண் இருவாய்ச்சி.

அடுத்த இரண்டு விரிப்புகளும் தமிழ் எழுத்தைப் பற்றியவை. கடைசி விரிப்பு காலி. அதைப் பிறகு பார்க்கலாம்.

தாளும் அதன் நாரும்

வாங்கவேண்டியவை: ஏ3 அளவில் 220 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வெள்ளை அட்டைத்தாள் 4, மூடிகளுக்கு 160 முதல் 180 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் 3, மேலட்டைக்கு 2 மி.மீ. தடிப்புள்ள சாம்பல் அட்டை, 6 மி.மீ., 12 மி.மீ. அகலத்தில் இருபக்க ஒட்டுநாடா ஒவ்வொரு சுருள், சிறிய வெள்ளைப் பசைக் குப்பி, எஃகு அடிக்கோல், கத்தி, வெட்டுப்பாய். பிராஸ் பசா காம்பிளெக்ஸிலுள்ள ஓவியப் பொருள் கடைகளில் எல்லாமே கிடைக்கும். அதற்குப் பக்கத்திலேயே விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகக் கட்டடம். போகிற போக்கில் சிறுவர் பகுதியில் மூடி வைத்த புத்தகங்களை எடுத்து, எந்த இடத்தில் கிழிந்திருக்கின்றன என்று மட்டும் கவனியுங்கள். பெரும்பாலும் கீல் மடிப்பிலும் பட்டை வெளியே வரும் வாயிலும்தான் கிழிந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் வேன்கார்ட் எனும் வண்ண அட்டைத்தாளும் உதவும். ஆனால் அதன் நிறம் வெயிலில் வெளுக்கும் என்பதால் உள்பாகங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ4 இருக்கும்போது ஏ3 ஏன்? காரணம் நார். ஆலையில் தாள் உருவாகும்போது அதன் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்துவிடும். நாருக்கு இணையாக மடித்தால் மடிப்பு கோடு போட்டதுபோல் விழும். குறுக்கே மடித்தால் அட்டை வெடித்து உள்நார் தெரியும். கடையில் கிடைக்கும் ஏ4 அட்டையில் நார் வழக்கமாக நீளவாக்கில், அதாவது 297 மி.மீ. பக்கத்துக்கு இணையாக ஓடும். அதை நடுவில் மடித்து ஏ5 பக்கங்களாக்கும்போது மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. நீளவாக்கில் நார் ஓடும் ஏ3 தாளை இரண்டாக வெட்டினாலோ, கிடைக்கும் ஏ4இல் நார் 210 மி.மீ. பக்கத்துக்கு இணையாகிவிடும். நடு மடிப்பும் அதே திசைதான். நான்கு ஏ3 தாளில் எட்டு ஏ4 வரும். ஆறு விரிப்புக்கு, இரண்டு பிழைக்கு. பிழை நிச்சயம் வரும்.

நாரின் திசையைக் கண்டுபிடிக்கத் தாளை மடிக்காமல் மெல்ல வளைத்துப் பாருங்கள், ஒருமுறை நீளவாக்கில், ஒருமுறை அகலவாக்கில். எந்த வளைவில் எதிர்ப்பு குறைவோ, அந்த வளைவின் அச்சுக்கு இணையாக நார் ஓடுகிறது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு சிறு சதுரம் வெட்டி ஒரு பக்கம் மட்டும் நனையுங்கள். அது சுருளும் குழலின் நீளவாக்குதான் நாரின் திசை.

மடிப்பதற்கு முன்பு கோடு கீறவேண்டும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா இதற்கு அருமையான கருவி. கத்தியின் கூர்முனையால் கீறினால் அட்டையின் பாதித் தடிப்பு அறுந்துபோகும். ஒரு மாதத்தில் மடிப்பிலேயே பிரியும்.

மூடி: குயில் பக்கம்

மூடியைப் பக்கத்தின் மேல் வெறுமனே ஒட்டினால் ஒரு வாரம்கூடத் தாங்காது. பிள்ளை இழுக்கும்போது விசை முழுவதும் ஒட்டிய விளிம்பில் விழுந்து, பக்கத்தின் மேல்தோல் உரிந்துவிடும். பக்கத்தில் ஒரு கீறல் வெட்டி, மூடியின் கீல்துண்டை அதன் வழியே பின்பக்கம் செருகி அங்கே ஒட்டுங்கள். இழுவிசை அப்போது தாளின் முழுத் தடிப்பிலும் பகிர்ந்துபோகும்.

அளவுகள்: மூடி 80 × 60 மி.மீ.; கீல்துண்டு கூடுதலாக 12 மி.மீ. கீறல் மூடியின் அகலத்தைவிட 2 மி.மீ. நீளம், அதற்குமேல் வேண்டாம், மூடி ஆடும். மூடியில் நார் கீலுக்கு இணையாக இருக்கட்டும். கீலுக்கு எதிர் விளிம்பில் 15 மி.மீ. அகலத்துக்கு அரைவட்டப் பள்ளம் வெட்டுங்கள். இரண்டு மூன்று வயதில் நகத்தால் நெம்பத் தெரியாது. விரல் நுனி இறங்க இடம் வேண்டும். கீல் மேல்பக்கம் இருந்தால் மூடி தானாகவே விழுந்து மூடிக்கொள்ளும். பக்கவாட்டில் இருந்தால் கதவு போல் பாதியில் நிற்கும். கூட்டுக்கு மேல்கீல், வீட்டு வாசலுக்குப் பக்கக்கீல்.

குயில் பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூடிகள். வெளிமூடியில் காகக் கூட்டின் வெளிப்புறம். தூக்கினால் முட்டைகள், அவற்றில் ஒன்று மட்டும் கொஞ்சம் வேறு. உள்மூடியைத் தூக்கினால் தன்னிலும் வேறாகத் தெரியும் குஞ்சுக்கு இரை ஊட்டும் காகம். உள்மூடி ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. சிறியதாக இருக்கவேண்டும், சம அளவாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே தூக்கப்படும், நடுக் கட்டம் பிள்ளைக்குக் கிடைக்காது. இரண்டு கீறல்களுக்கும் நடுவே 6 மி.மீ. விடுங்கள்.

எழுத்து விஷயத்தில் ஒரு யோசனை. மூடியின் மேல் கேள்வியைப் பேச்சுத் தமிழிலும், அடியில் விடையை எழுத்துத் தமிழிலும் வையுங்கள். மேலே “இது யாரோட முட்டை?”, கீழே “இது குயிலின் முட்டை.” வீட்டில் ஆங்கிலம் ஓங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு எழுத்துத் தமிழ் மட்டும் காதில் விழுந்தால், தமிழ் என்பது பாடநூலின் குரல் என்று ஆகிவிடும். கேட்பது பேச்சில் இருந்தால் பதிலும் பேச்சில் வாயிலிருந்து வரும். ஒரு விரிப்பில் மொத்தம் பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் வேண்டாம்.

குயில் குரலைப் பதிவுசெய்து க்யூஆர் ஒட்டி வைக்கலாமே என்று தோன்றும். வேண்டியதில்லை. குயிலே காலையில் வந்து கூவும்.

இழுக்கும் பட்டை: தூங்குமூஞ்சி மரம்

புதியவர்கள் அதிகம் தோற்பது இங்கேதான். காரணம் பெரும்பாலும் கணக்கு. கீழே உள்ள அளவுகள் 148 மி.மீ. அகல ஏ5 வலப்பக்கத்துக்கு. எல்லாத் தூரமும் நடு மடிப்பிலிருந்து.

1. மடிப்பிலிருந்து 62 மி.மீ. முதல் 102 மி.மீ. வரை, 40 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் உள்ள சன்னல் வெட்டுங்கள். மூலைகளில் கத்தி கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டிய இடத்திலிருந்துதான் கிழியும்.

2. பட்டை 145 மி.மீ. நீளம், 56 மி.மீ. உயரம். இடது நுனியில் 10 மி.மீ. நீளத்துக்கு மேலும் கீழும் 8 மி.மீ. நீட்டி இரண்டு காதுகள் விட்டு வெட்டுங்கள்.

3. பட்டையில் இடமிருந்து 4 மி.மீ. விட்டு, 42 மி.மீ. அகலத்தில் மடிந்த இலை. அதை ஒட்டி 42 மி.மீ. அகலத்தில் விரிந்த இலை. மீதி 57 மி.மீ. வால். படத்தின் வரிசை தலைகீழாகத் தோன்றும், ஆனால் சரிதான். வெளியே இழுக்கும்போது பட்டை வலப்பக்கம் நகர்கிறது; ஆகவே பிறகு வரவேண்டிய படம் இடப்பக்கம் இருக்கவேண்டும்.

4. பக்கத்தின் பின்புறம் பட்டையை வைத்து, அதற்குக் குறுக்கே 15 மி.மீ. அகலமுள்ள இரண்டு அட்டைத்துண்டுகளைப் பாலங்கள்போல் ஒட்டுங்கள். ஒன்றின் இடது விளிம்பு மடிப்பிலிருந்து 67 மி.மீ.இல், மற்றது 120 மி.மீ.இல். பாலத்தின் இரு நுனி மட்டுமே ஒட்டப்படும். பட்டைக்கு மேலும் கீழும் 1 மி.மீ. இடைவெளி.

5. பட்டையின் இடது நுனியை 15 மி.மீ.இல் நிறுத்தினால் விரிந்த இலை சன்னலை நிறைக்கும். 42 மி.மீ. இழுத்தால் காதுகள் முதல் பாலத்தின் ஒட்டிய நுனிகளில் முட்டி நிற்கும்; அந்த நொடியில் மடிந்த இலை சன்னலில் இருக்கும்.

சன்னல் 40, படம் 42 என்று 2 மி.மீ. அதிகம் வைத்ததற்குக் காரணம், கை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் ஒரு மி.மீ. பிசகும். படமும் 40 என்றால் சன்னல் ஓரத்தில் பக்கத்துப் படத்தின் கோடு எட்டிப் பார்க்கும்.

பட்டை சிக்கிக்கொண்டால் பாலம் இறுக்கமாக இருக்கிறது, அல்லது பசை வழிந்திருக்கிறது. பாலத்துக்கு வெள்ளைப் பசை வேண்டாம், இருபக்க நாடா போதும். காதுகள் தடையின் மேல் ஏறித் தாண்டிவிட்டால், முட்டும் இடத்தில் பாலத்தின் நுனிமேல் இன்னொரு அட்டைத்துண்டை ஒட்டித் தடிப்பாக்குங்கள். பட்டை முழுவதும் உள்ளே போய்விடாமலிருக்க, வெளியே நீட்டியிருக்கும் 12 மி.மீ. பகுதியில் இரண்டாம் அடுக்கு அட்டையை ஒட்டி நுனியை உருட்டிவிடுங்கள். கூர்மையான மூலை விரலையும் குத்தும், மடங்கியும் போகும்.

இருவாய்ச்சிப் பொந்துக்கு இவ்வளவு கணக்கு இல்லை. அடிமரம் ஒரு பெரிய பக்கக்கீல் மூடி. அதில் 16 × 4 மி.மீ. கீறல். 12 மி.மீ. அகலமும் 70 மி.மீ. நீளமும் உள்ள அட்டையில் அலகும் பழமும் வரைந்து, 15 செ.மீ. நூலால் பக்கத்தின் மேல்விளிம்பில் கட்டுங்கள். நூலை அதற்குமேல் நீட்டவேண்டாம், சிறு பிள்ளையின் கழுத்திலோ விரலிலோ சுற்றும். கீறலின் இரு முனையிலும் ஊசியால் ஒரு துளை போட்டுவிட்டு அவற்றுக்கு நடுவே வெட்டினால் கிழிசல் அதற்குமேல் ஓடாது.

ஓர் எழுத்தில் ஊர் மாறும் பக்கம்

புலி, புளி. பல்லி, பள்ளி. மலை, மழை. இந்த இணைகளைப் பட்டியலாகக் கொடுத்தால் அது பயிற்சித்தாள். மூடிக்குள் வைத்தால் வேடிக்கை. ‘பு’ பக்கத்தில் நிலையாக இருக்கும். மூடியின் மேல் ‘லி’யும் அந்த எழுத்துக்குக் கீழே புலியின் படமும், தூக்கினால் ‘ளி’யும் புளியம்பழமும். நாக்கின் இடம் மாறினால் விலங்கு குழம்புக்குள் போய்விடுகிறது என்பதைப் பிள்ளை தன் வாயாலேயே கண்டுபிடிக்கும். வாசிப்பவர் ல, ள, ழ மூன்றையும் ஒரே மாதிரி ஒலித்தால் இந்தப் பக்கம் செத்துப்போகும். அதற்கு அட்டையில் மருந்து இல்லை.

கல் கால் ஆவதும் பல் பால் ஆவதும் இதே முறைதான். ஆனால் ‘ா’ என்ற துணைக்காலைத் தனியாகத் தட்டச்சு செய்தால் கணினி அதற்கு முன்னால் ஒரு புள்ளிவட்டம் போட்டுவிடும். ‘கால்’ என்று முழுச் சொல்லையும் அச்சிட்டு, ‘க’வை வெட்டி நீக்கிவிட்டு ஒட்டுவதே எளிய வழி.

சுழல் தட்டு: மெய்யெழுத்து சுற்றும் பக்கம்

பதினெட்டு மெய், பன்னிரண்டு உயிர், 216 உயிர்மெய். ஒரு தட்டைச் சுற்றி இத்தனையும் வரவழைத்துவிடலாம் என்று பலரும் தொடங்குவார்கள், பாதியில் விட்டுவிடுவார்கள். தமிழ் எழுத்து எங்கே ஒத்துழைக்கும், எங்கே மாட்டாது என்பது முதலிலேயே தெரிந்திருக்கவேண்டும்.

கா, கெ, கே, கை, கொ, கோ, கௌ ஆகியவற்றில் குறி எழுத்துக்கு முன்னாலோ பின்னாலோ இரண்டு பக்கமுமோ தனியாக நிற்கும். எழுத்தின் உடல் மாறாது. தனி ‘க’வையும் சேர்த்தால் எட்டு வடிவம். பதினெட்டு எழுத்துக்கு 144. இவை தட்டுக்கு ஏற்றவை. கி, கீ, கு, கூ வரிசைகளில் குறி உடலோடு ஒட்டிக்கொள்ளும். உகர, ஊகாரத்தில் எழுத்துக்கு எழுத்து வடிவமே வேறு. ‘டு’வையும் ‘மு’வையும் ‘து’வையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். அந்த 72 எழுத்தையும் தட்டில் திணிக்காமல், எதிர்ப்பக்கத்தில் எழுதிப் பழகக் கட்டங்களாக விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு ‘லை’, ‘னை’, ‘ணா’, ‘றா’ போன்றவற்றுக்கும் தனி வடிவம் இருந்தது. துதிக்கை தூக்கிய அந்தப் பழைய ‘லை’யைத் தாத்தா பாட்டியின் கையெழுத்தில் இன்றும் காணலாம். அந்தக் காலத்தில் இந்தத் தட்டு இத்தனை எழுத்துக்கு ஓடியிருக்காது.

தட்டின் விட்டம் 120 மி.மீ. பதினெட்டுப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குக்கு 20 பாகை. மையத்திலிருந்து 48 மி.மீ. தூரத்தில் எழுத்தின் நடு வரும்படி, அடிப்பாகம் மையத்தை நோக்கியிருக்க எழுதுங்கள். அந்த வட்டத்தில் ஓர் எழுத்துக்கு 16.7 மி.மீ. இடம் கிடைக்கும்; எனவே சன்னல் 15 மி.மீ. சதுரம். ‘ண’வும் ‘ஞ’வும் அகலமானவை, 13 மி.மீ.க்குள் அடக்குங்கள். இல்லாவிட்டால் ‘ண’வின் வால் அடுத்த சன்னலில் தெரியும், பிள்ளை அதையும் ஓர் எழுத்தாக நினைத்துக்கொள்ளும்.

தட்டின் மையம் நடு மடிப்பிலிருந்து 96 மி.மீ.இல் இருந்தால், அதன் ஓரம் பக்கத்தின் விளிம்பைத் தாண்டி 8 மி.மீ. வெளியே நிற்கும். கட்டைவிரலால் சுழற்ற அது போதும். சன்னல், மையத்துக்கு நேர் மேலே.

அச்சாணிக்குப் பலரும் பித்தளைப் பிளவு ஆணி போடுவார்கள். அது கழன்றால் சிறு பிள்ளையின் வாய்க்குள் போகும். அட்டையிலேயே அச்சாணி செய்யலாம். தட்டின் நடுவில் 20 மி.மீ. துளை. 18 மி.மீ. விட்டத்தில் இரண்டு வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, பக்கத்தின் பின்புறம் மையத்தில் ஒட்டுங்கள். தட்டை அதன்மேல் இறக்குங்கள். மேலே 32 மி.மீ. வட்டத் தொப்பி. உள்வட்டம் இரண்டு அடுக்கு, தட்டு ஓர் அடுக்கு என்பதால் தொப்பி தட்டை நெரிக்காது. தொப்பிக்குப் பசை வைக்கும்போது நடுவில் 10 மி.மீ. அளவுக்கு மட்டும் தொட்டு வைத்து, காயும்வரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை தட்டைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். வழிந்த பசை தட்டைப் பிடிப்பதற்குள் அது விலகிவிடும்.

சன்னலின் இருபுறமும் நாள்காட்டிபோல் மேல்நோக்கிப் புரளும் சிறு ஏடுகள், 15 மி.மீ. அகலம், 25 மி.மீ. நீளம். இடப்பக்கம்: முதல் ஏடு காலி, பிறகு ஒற்றைக்கொம்பு, பிறகு இரட்டைக்கொம்பு, அடியில் பக்கத்தின் மேலேயே ஐகாரக் குறி. வலப்பக்கம்: காலி, துணைக்கால்; அடியில் ஔகாரத்துக்குரிய ‘ள’ வடிவம். இரட்டைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்தால் கோ, மோ, தோ. ஐகாரக் குறியோடு துணைக்காலையும் சேர்த்துப் பிள்ளை ஒரு விநோத எழுத்தைக் கண்டுபிடிக்கும். திருத்தவேண்டாம். “இதை எப்படிச் சொல்லுவ?” என்று கேளுங்கள்.

இந்தப் பக்கம் தொடக்கநிலை ஒன்றை நெருங்கும் பிள்ளைக்கு. மூன்று வயதுக்குக் குயிலும் இருவாய்ச்சியும் போதும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் கழன்று வரக்கூடிய எந்தத் துண்டும் 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுதாக அடங்கக்கூடாது. பொம்மைகளைச் சோதிக்கும் அளவு அது.

அச்சுக்குக் கொடுக்கும்போது

கையால் எழுதுவது நல்லதுதான். கணினியில் செய்தால் நோட்டோ சேன்ஸ் தமிழ், காடமரன், முக்தா மலர் ஆகிய எழுத்துருக்களைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு 28 புள்ளி அளவு. கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி, எழுத்துருவை உள்ளே பதித்துக் கொடுங்கள். வேர்டு கோப்பாகக் கொடுத்தால், கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது வரிகள் இடம் மாறி, மூடியின் கீறலுக்கு நேரே எழுத்து போய் நிற்கும். சில வடிவமைப்பு மென்பொருள்கள் கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடும். அச்சுக்கு அனுப்புமுன் ‘கெ’, ‘கொ’ வரும் இடங்களை மட்டும் கண்ணால் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

கட்டுவது

மூடி, பட்டை, தட்டு எல்லாம் பொருத்திய பிறகே கட்டவேண்டும். ஆறு தாள்களையும் படம் உள்ளே இருக்கும்படி மடித்து அடுக்குங்கள். முதல் தாளின் வலப்பாதியின் பின்பக்கமும் இரண்டாம் தாளின் இடப்பாதியின் பின்பக்கமும் ஒட்டப்படும், இப்படியே கடைசிவரை. கீறல்கள், பாலங்கள், அச்சாணி எல்லாம் இரண்டு பின்பக்கங்களுக்கும் நடுவே மறைந்துவிடும்.

பின்பக்கம் முழுவதும் வெள்ளைப் பசை தடவும் ஆசையை அடக்குங்கள். பசையிலுள்ள நீரைக் குடித்துத் தாளின் ஒரு முகம் மட்டும் விரியும், பக்கம் அப்பளம்போல் நெளியும். சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் என்பதால் அது காய்வதும் மெதுவாகத்தான். ஓரங்களில் 12 மி.மீ. இருபக்க நாடா. பட்டை வெளிவரும் விளிம்பில் 60 மி.மீ., தட்டு வெளிவரும் விளிம்பில் 66 மி.மீ. நாடா இல்லாமல் விடவேண்டும். காதுகள் நகரும் இடத்திலும் தட்டைச் சுற்றிலும் நாடா வரக்கூடாது. இதை மறந்து ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது. அந்த இரண்டு கூடுதல் தாள்கள் இதற்குத்தான்.

ஒட்டும்போது நடு மடிப்பிலிருந்து தொடங்கி வெளிவிளிம்பு நோக்கி அழுத்துங்கள். மாறாகத் தொடங்கினால் பிசகு எல்லாம் முதுகில் சேர்ந்து புத்தகம் கோணும்.

அடுத்த சிக்கல், புத்தகம் வாய் பிளப்பது. மூடியும் பட்டையும் இருக்கும் பக்கங்கள் தடிக்கும், முதுகு மட்டும் மெல்லியதாகவே இருக்கும். ஒட்டப்படும் ஒவ்வொரு பின்பக்க இணைக்கும் நடுவே, மடிப்பை ஒட்டி 10 மி.மீ. அகல அட்டைப் பட்டியை வையுங்கள். ஒன்று போதாவிட்டால் இரண்டு. புத்தகம் மேசையில் தட்டையாக மூடிக் கிடக்கும்வரை சேர்க்கலாம்.

மேலட்டை 152 × 216 மி.மீ. அளவில் இரண்டு, முதுகுக்கு 50 மி.மீ. துணி நாடா. பிறகு கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு நாள். மின்விசிறிக்கு நேராக வைக்காதீர்கள், ஒருபக்கம் மட்டும் காய்ந்து வளையும். மைதாக் கஞ்சிப் பசை எக்காரணம் கொண்டும் வேண்டாம், ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. கிழிந்த மூடியைச் சாதாரண ஒட்டுநாடாவால் ஒட்டினால் நம் வெக்கையில் கோந்து கசிந்து பக்கங்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். மெல்லிய தாளும் கொஞ்சம் வெள்ளைப் பசையும் போதும்.

காலிப் பக்கம்

ஆறாம் விரிப்பில் ஓர் உறை: 100 × 70 மி.மீ., மேல்பக்கம் மட்டும் திறந்தது. உள்ளே 90 × 60 மி.மீ. அளவில் ஆறு வெற்று அட்டைகள். வாசிக்கும்போது பிள்ளை கேட்கும் கேள்வி ஒவ்வொன்றையும் அதன் வாய்ச்சொல்லிலேயே ஓர் அட்டையில் எழுதிப் போடுங்கள், திருத்தாமல், எழுத்துத் தமிழாக்காமல். ஆங்கிலச் சொல் கலந்திருந்தால் அதுவும் அப்படியே இருக்கட்டும். வாசிக்கும்போது மூடியைத் தூக்கவேண்டியது பிள்ளை. பெரியவர் கை முந்திக்கொண்டால் கேள்வி வராது, அட்டையும் நிரம்பாது. தூக்குவதற்கு முன்பு ஐந்து எண்ணும் அளவு சும்மா இருங்கள்.

“காக்காவுக்கு அது தன்னோட குஞ்சு இல்லன்னு எப்பத் தெரியும்?” போன்ற ஒன்று வந்து விழும். அடுத்த புத்தகத்தின் முதல் மூடிக்கு மேல் அதை எழுதிக்கொள்ளலாம்.